தந்தி, டோக்கன், தொலைத்திரை: பாகான் டாலாம் கரையில் தொலைவிலிருந்து இயக்குதலின் வரலாறு

ஓரிடத்தில் அமர்ந்திருப்பவர் வேறோர் இடத்திலுள்ள கணினியின் திரையைத் தம் திரையில் கண்டு, தம் விசைப்பலகையாலும் சுட்டியாலும் அதனை இயக்கும் ஏற்பாடு ரிமோட் டெஸ்க்டாப் எனப்படுகிறது. இதன் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அமெரிக்காவின் ஆய்வுக்கூடங்களிலும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலும் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகின்றனர். மென்பொருளை மட்டும் கருதினால் அது சரியே. ஆனால் தொலைவிலுள்ள பொறியை இயக்குவதற்கு ஒரு பாதை வேண்டும். இரு முனைகளுக்கும் பொதுவான குறிமுறை வேண்டும். யார், எப்போது, எவருடைய அனுமதியோடு இயக்கலாம் என்ற ஒழுங்கும் வேண்டும். இம்மூன்றில் கடினமானது மூன்றாவதே. பினாங்கின் தலைநிலத்தில், ஜார்ஜ் டவுனுக்கு எதிர்க்கரையில் அமைந்த பாகான் டாலாமையும் அதைச் சுற்றியுள்ள துறைமுக, ரயில் வட்டாரத்தையும் நோக்கினால், அந்த மூன்றாவது சிக்கலுக்குக் கணினி தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே விடை காணப்பட்டிருந்தது தெரியவரும்.

பாகான் டாலாம், பட்டர்வொர்த் நகரின் தென்பகுதியில், பிறை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டி அமைந்த குடியிருப்புப் பகுதியாகும். அதன் பெயரைத் தாங்கிய சட்டமன்றத் தொகுதிக்குத் தமிழர் பலமுறை தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பது, இவ்வட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் எவ்வளவு ஆழமாக வேரூன்றியுள்ளன என்பதற்குச் சான்று. ஆற்றின் அக்கரையில் பிறை. கடலின் அக்கரையில் பினாங்குத் தீவு. இக்கரைக்கும் அக்கரைக்கும் இடையே ஆளையும் சரக்கையும் செய்தியையும் கடத்துவதே இந்தக் கரையோரத்தின் தொழிலாக இருந்து வந்திருக்கிறது. பிறை ஆற்றைச் சங்கிலியால் இழுபட்டுக் கடந்த படகின் நினைவை இன்றும் செயின் ஃபெரி என்னும் சாலைப் பெயர் தாங்கி நிற்கிறது. தீவுக்கும் தலைநிலத்துக்கும் இடையிலான பாலம் 1985இல்தான் திறக்கப்பட்டது. அதுவரை வண்டி வாகனங்கள் அனைத்தும் ஃபெரியில் ஏறியே கடலைக் கடந்தன.

பினாங்குக்கு முதலில் வந்த தொலைவழிப் பாதை சென்னையிலிருந்து வந்தது என்பது தமிழ் வாசகர்கள் அதிகம் அறியாத செய்தி. பிரிட்டிஷ் இந்தியன் எக்ஸ்டென்ஷன் என்ற தந்தி நிறுவனம் 1870ஆம் ஆண்டில் சென்னையையும் பினாங்கையும் வங்கக்கடலின் அடியில் ஏறத்தாழ 1,400 கடல் மைல், அதாவது 2,600 கிலோமீட்டர் நீளமுள்ள கம்பியால் இணைத்தது. அக்கம்பி மேலும் நீண்டு சிங்கப்பூரை அடைய, 1871இல் அங்கிருந்து ஹாங்காங் வரை தொடர்பு நிறுவப்பட்டது. 1873இல் இந்நிறுவனம் வேறு சில நிறுவனங்களோடு இணைந்து ஈஸ்டர்ன் எக்ஸ்டென்ஷன் கம்பெனி ஆயிற்று. கப்பல் பல நாள் எடுத்துக் கடந்த அதே வங்கக்கடலை, அதன்பின் செய்தி சில மணி நேரத்தில் கடந்தது.

அக்கம்பியின் உடலமைப்பே மலாயாவோடு தொடர்புடையது. செம்புக் கம்பியைக் கடல்நீர் தீண்டாதபடி காத்த உறை கட்டாபெர்ச்சா என்னும் மரப்பால்; ரப்பரைப் போன்றதாயினும் கடலடியின் குளிரிலும் அழுத்தத்திலும் கெடாதது. தீபகற்பத்தின் காடுகளில் வளர்ந்த ஒருவகை மரத்திலிருந்து அது எடுக்கப்பட்டது. சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் மாண்ட்கமரி 1840களில் அதனை இங்கிலாந்தின் கவனத்துக்குக் கொண்டுசென்றார். மரங்களை வெட்டிச் சாய்த்தே அதனைச் சேகரித்ததால், உலகக் கடல்களின் கம்பிகளுக்காக மலாயாக் காடுகள் பெருமளவில் அழிந்தன. தொலைத்தொடர்பு எடையற்றது, தடயமற்றது என்ற எண்ணம் இன்றும் பரவலாக உள்ளது. இந்தக் காட்டழிவை அறிந்தவர் அவ்வாறு எண்ணமாட்டார்.

அக்காலத் தந்தி ஒரே மூச்சில் கடலைக் கடந்துவிடவில்லை. நெடுந்தொலைவு சென்ற மின்துடிப்பு மங்கிவிடுமாதலால், இடைநிலையங்களில் அமர்ந்திருந்த எழுத்தர்கள் மெலிந்த குறிகளைப் படித்து, எழுதி, மீண்டும் விசையைத் தட்டி அடுத்த கம்பிக்கு அனுப்பினர். லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குச் செல்லும் ஒரு சொல் இவ்வாறு பல கைகளைக் கடந்தது. இந்த இடைநிலையத்தின் வேலையை இன்று இணையத்தில் இடைவழங்கி என்னும் கணினி செய்கிறது. அதன் தேவை பின்னர்த் தெளிவாகும்.

இப்பாதையின் மதிப்பை எதிரிகள் நன்கு அறிந்திருந்தனர். தமிழில் அஞ்சத்தக்க ஆளைக் குறிக்கும் சொல்லாகவே ஆகிவிட்ட எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல், 1914 செப்டம்பர் 22இல் சென்னையைக் குண்டு வீசித் தாக்கியது; அக்டோபர் 28இல் பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து ரஷ்யக் கப்பல் ஒன்றையும், வெளியே பிரெஞ்சுக் கப்பல் ஒன்றையும் மூழ்கடித்தது. நவம்பர் 9இல் கோக்கோஸ் தீவுகளில் தந்தி நிலையத்தை அழிக்க ஆட்களை இறக்கிய வேளையில், அந்நிலையம் அனுப்பியிருந்த அவசரச் செய்தியைக் கேட்டு விரைந்த ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியால் அது வீழ்த்தப்பட்டது. 1870இன் கம்பி இணைத்த இரு துறைமுகங்களையும் ஐந்தே வாரத்தில் தாக்கிய கப்பல், இறுதியில் ஒரு தந்தி நிலையத்தின் வாயிலில் அகப்பட்டது.

தந்தி செய்தியை மட்டுமே கடத்தியது, பொருளை இயக்கவில்லை. தொலைவிலிருந்து ஒரு பெரும் பொறியமைப்பை இயக்கும் பழக்கம் இக்கரைக்கு ரயிலோடு வந்தது. பிறையில் இருப்புப்பாதை முனையம் 1900ஆம் ஆண்டை ஒட்டி இயங்கத் தொடங்கியது; 1909இல் தடம் தீபகற்பத்தின் தென்முனையான ஜோகூர் பாரு வரை நீண்டது. தண்டவாளம் கடலைக் கடந்து தீவை அடையவில்லை. ஆயினும் ஜார்ஜ் டவுனில், கடற்கரைக்கு அருகே, மணிக்கூண்டோடு கூடிய ஓர் எழிலார்ந்த ரயில் நிலையக் கட்டடம் 1907இல் எழுந்தது. கட்டட வடிவமைப்பாளர் ஆர்தர் பெனிசன் ஹபக் வரைந்த அக்கட்டடத்தில் பயணிகள் சீட்டு வாங்கினர். ஃபெரியில் ஏறி அக்கரை சேர்ந்து பிறையில் வண்டி ஏறினர். ரயில் வராத ரயில் நிலையம் என்று இன்றும் பேசப்படும் அக்கட்டடம் இப்போது சுங்கத் துறையின் அலுவலகமாகத் திகழ்கிறது. சாளரம் இங்கே, இயக்கம் அக்கரையில் என்ற இந்த அமைப்பு, ரிமோட் டெஸ்க்டாப்பின் கருத்துக்கு இப்பகுதியின் வரலாற்றில் கிடைக்கும் மிக நெருக்கமான முன்னோடி. காண்பவரின் முன்னுள்ள திரை வெறும் முகப்பு. கணக்கீடும் கோப்புகளும் கண்ணுக்கு எட்டாத இன்னொரு கணினியில் இருக்கின்றன.

இந்த ரயில்வேயை இயக்கியோரில் தமிழர் பங்கு பெரிது. தடம் போட்டவர்களிலும் அதனைப் பழுதுபார்த்துக் காத்தவர்களிலும் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மிகுதியாக இருந்தனர். ஆங்கிலம் கற்று வந்த யாழ்ப்பாணத் தமிழர் கிராணிகள் எனப்பட்ட எழுத்தர்களாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் பணியாற்றினர். இவர்கள் நாள்தோறும் கையாண்ட ஒரு கருவி இங்கே விரிவாக நோக்கத்தக்கது.

மலாயா ரயில்வேயின் ஒற்றைத் தடங்களில் எதிரெதிரே இரு வண்டிகள் புகுந்துவிடாமல் காத்தது மின் டோக்கன் முறை. இரு நிலையங்களுக்கு இடையிலான தடத்தின் ஒவ்வொரு பகுதிக்கும், இரு முனையிலும் ஒவ்வொரு இரும்புப் பெட்டி இருக்கும். அப்பெட்டிகளைத் தந்திக் கம்பி இணைக்கும். பெட்டிக்குள், தடத்தில் செல்லும் உரிமையைக் குறிக்கும் டோக்கன்கள் பல அடுக்கப்பட்டிருந்தாலும் அவற்றுள் ஒன்றை ஒரு முனையில் உள்ளவர் தாமாகவே எடுத்துவிட இயலாது. அவர் மணியை வரையறுத்த எண்ணிக்கையில் ஒலித்து மறுமுனையைக் கேட்க வேண்டும். மறுமுனையில் உள்ள ஸ்டேஷன் மாஸ்டர் தம் தடம் வெறுமையாக உள்ளதை உறுதிசெய்து, தம் கருவியின் விசையை அழுத்திப் பிடித்தால்தான் இங்கே பூட்டு திறக்கும். ஒரு டோக்கன் வெளியே வந்தவுடன் இரு பெட்டிகளும் பூட்டிக்கொள்ளும். அந்த டோக்கன் ஏதேனும் ஒரு முனையின் பெட்டிக்குள் திரும்ப இடப்படும் வரை இன்னொன்று வெளிவராது. டோக்கனை வளையத்தோடு கூடிய பையில் இட்டு, ஓடும் வண்டியின் டிரைவர் கையில் கோத்துக் கொள்ளும்படி நீட்டுவர். அது கையில் இல்லாமல் அந்தப் பகுதிக்குள் வண்டியைச் செலுத்த டிரைவருக்கு உரிமை கிடையாது. இங்கிலாந்தில் ஒற்றைத் தடத்தில் இரு வண்டிகள் மோதி நேர்ந்த பெரும் விபத்துக்குப் பின், எட்வர்ட் டயர் 1878இல் உருவாக்கிய கருவியே இம்முறையின் மூலம். சிங்கப்பூரின் புக்கிட் தீமா நிலையத்தில் மலாயன் ரயில்வேயின் வண்டிகள் 2011 ஜூன் இறுதி வரை இவ்வாறு டோக்கன் மாற்றிக்கொண்டே சென்றன.

இந்தக் கருவியில் மூன்று நெறிகள் இரும்பிலேயே வார்க்கப்பட்டிருந்தன. கேட்பவர் யாரென்று மறுமுனை அறிந்த பின்னரே வழி திறக்கும். ஒரு நேரத்தில் ஒருவருக்கே உரிமை. உரிமை முறைப்படி திருப்பித் தரப்படும் வரை மற்றவருக்கு வழி அடைபட்டிருக்கும். கணினி உலகம் இதே நெறிகளை எழுத்தெண்ணிக் கற்க ஐம்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

தொலைவிலுள்ள கணினிக்குள் புகும் முதல் பொது வழி 1969இல் அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் வலையில் வரையறுக்கப்பட்ட டெல்நெட். அது எழுத்துகளை மட்டும் கடத்தியது. கடவுச்சொல்லையும் மறைக்காமல் அப்படியே கம்பியில் அனுப்பியது. ஆய்வாளர்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்த சிறு வட்டத்துக்கு அது போதுமானதாக இருந்தது. படம், சாளரம், சுட்டி ஆகியவற்றோடு கூடிய திரையைத் தொலைவுக்கு அனுப்பும் முயற்சி மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1984இல் தொடங்கிய எக்ஸ் விண்டோ அமைப்பில் நிறைவேறியது. அது முழுப் படத்தை அனுப்பாமல், இங்கே கோடு வரைக, அங்கே எழுத்து இடுக என்னும் கட்டளைகளை அனுப்பியது. கேம்பிரிட்ஜில் ஒலிவெட்டி, ஆரக்கிள் நிறுவனங்களின் ஆய்வுக்கூடம் 1998இல் வெளியிட்ட விஎன்சி வேறு வழியில் சென்றது. திரையில் எந்தச் செவ்வகப் பகுதி மாறியதோ அதன் புள்ளிகளை மட்டும் அனுப்புவது அதன் எளிய கொள்கை. ஆகவே எந்த இயங்குதளத்தின் திரையையும் எந்த இயங்குதளத்திலும் காண இயன்றது. அதே 1998இல் மைக்ரோசாஃப்ட், சிட்ரிக்ஸ் நிறுவனத்திடமிருந்து உரிமம் பெற்ற நுட்பத்தைக் கொண்டு விண்டோஸ் என்டி 4.0இன் டெர்மினல் சர்வர் பதிப்பை வெளியிட்டது; அதில் பிறந்த ஆர்டிபி என்னும் நெறிமுறை 2001இன் விண்டோஸ் எக்ஸ்பி வழியாக அலுவலக மேசைகளை வந்தடைந்தது.

பினாங்கு இவற்றை வெறும் பயனராக வரவேற்கவில்லை. 1969இல் பினாங்கு வளர்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டு, முதலமைச்சர் லிம் சோங் இயூவின் காலத்தில் தீவிலுள்ள பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக மண்டலம் 1972இல் தொடங்கியது. அவ்வாண்டிலேயே இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை அங்கே அமைத்தது. ஹியூலெட் பேக்கர்ட், ஏஎம்டி முதலியனவும் வந்தன. தொடக்கத்தில் அங்கே நடந்தது சில்லுகளை நுண்ணோக்கியின் கீழ்க் கோத்துச் சோதிக்கும் வேலை. தலைநிலத்திலிருந்து ஃபெரியில் கடந்து சென்றவர்களும் அப்பணியாளர்களில் அடங்குவர். 1990களில் வடிவமைப்பு வேலையும் பினாங்குக்கு வந்தபோது நிலைமை மாறியது. சில்லு வடிவமைக்கும் மென்பொருள்கள் பெருந்திறன் கொண்ட யூனிக்ஸ், லினக்ஸ் வழங்கிகளில் இயங்குபவை. பொறியாளரின் மேசையில் இருப்பது அவற்றின் திரை மட்டுமே. எக்ஸ் விண்டோவும் அதன்பின் விஎன்சியும் இத்துறையின் அன்றாடக் கருவிகள் ஆயின. இரவெல்லாம் ஓடவேண்டிய ஒரு சோதனையைத் தொடங்கிவிட்டுத் திரையை மூடிச் செல்லலாம். மறுநாள் காலை வேறொரு கணினியிலிருந்து திறந்தால், சுட்டி எங்கே நின்றதோ அங்கேயே நிற்கும். உலகின் சில்லு வடிவமைப்பு மையங்கள் பலவற்றில் வழங்கும் இப்பழக்கத்துக்குப் பினாங்கும் விலக்கன்று.

பொதுமக்களுக்கான பாதை சற்றுத் தாமதமாகவே திறந்தது. அரசின் ஆய்வு அமைப்பான மிமோஸ், 1980களின் இறுதியில் பல்கலைக்கழகங்களைத் தொலைபேசி வழியாக இணைத்த ரங்கோம் வலையைத் தொடங்கியது. அதன் தொடர்ச்சியான ஜாரிங், 1992இல் செயற்கைக்கோள் வழியாக விநாடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் அமெரிக்க இணையத்தோடு இணைந்தது. பினாங்கின் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சுரேஸ்வரன் ராமதாஸ் தலைமையில் இயங்கிய வலையமைப்பு ஆய்வுக்குழு, தொலைவில் உள்ளோர் ஒருவரையொருவர் கண்டு பேசும் மாநாட்டு அமைப்பை உருவாக்கியதும் இத்தொடர்ச்சியில் நினைக்கத்தக்கது. குறுகிய பாதையில் படத்தையும் குரலையும் எவ்வாறு சுருக்கி அனுப்புவது என்ற அதே சிக்கலைத் தமிழர் ஒருவர் பினாங்கிலிருந்தபடி ஆராய்ந்தார் என்பது பெருமைக்குரிய செய்தி. வீடுகளுக்கான அகலக்கற்றை ஸ்ட்ரீமிக்ஸ் என்ற பெயரில் 2001இலும், ஒளியிழை வழிப்பட்ட யூனிஃபை 2010இலும் வந்தன.

இக்கட்டத்தில்தான் டோக்கன் பெட்டி கற்பித்த பாடத்தின் இன்மை வெளிப்பட்டது. விண்டோஸின் ஹோம் பதிப்பில் உள்ளவர் பிற கணினியைச் சென்று காணலாமேயன்றித் தம் கணினியைப் பிறர் காணத் திறக்க முடியாது. புரோ பதிப்பில் அமைப்புகளுக்குள் ரிமோட் டெஸ்க்டாப் என்னும் சொடுக்கியை இயக்கினால் அக்கணினி 3389 என்ற எண்ணுள்ள வாயிலில் காத்திருக்கும். வாயில் என்பது, ஒரே முகவரிக்கு வரும் பலவகைச் செய்திகளைப் பிரித்துக்கொடுக்கும் எண். வீட்டுக்குள் உள்ள கணினிகள் அனைத்தும் ஒரே பொது முகவரியின் பின்னால் ரவுட்டரால் மறைக்கப்பட்டிருப்பதால், வெளியிலிருந்து வருபவருக்கு எந்தக் கணினி என்று தெரியாது. ஆகவே ரவுட்டரில் அவ்வாயிலை நேரே அலுவலகக் கணினிக்குத் திருப்பிவிடுவது பலரும் கையாண்ட குறுக்குவழி. சிறு கடைகளும் கணக்கர் அலுவலகங்களும் இதனை எளிதாகச் செய்துகொள்ள முடிந்தது. அதே எளிமை, உலகெங்கும் எண்களைத் தட்டிப் பார்த்துத் திரியும் நிரல்களுக்கும் அவ்வாயிலைக் காட்டிக்கொடுத்தது. மணியை ஒலிப்பவர் யாரென்று கேளாமலே பூட்டைத் திறந்து வைத்த நிலையம் அது.

திருத்தங்கள் ஒவ்வொன்றாக வந்தன. விண்டோஸ் விஸ்டாவோடு வந்த ஏற்பாடு, திரையைக் காட்டும் முன்னரே கடவுச்சொல்லைச் சரிபார்த்தது. அதற்கு முன்பு உள்நுழைவுத் திரை வரை யாரும் வந்துவிடலாம். 2019 மே மாதம் புளூகீப் என்று பெயரிடப்பட்ட பிழை வெளிப்பட்டபோது, பழைய பதிப்புகளில் கடவுச்சொல்லே இல்லாமல் கணினியைக் கைப்பற்ற இயலும் என்பது தெரிந்தது. ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட நேர்ந்தது அதன் கடுமையைக் காட்டும். ஏறத்தாழ பத்து மாதங்கள் கழித்து, 2020 மார்ச் 18இல், மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. அலுவலகங்கள் மூடப்பட, கணக்குகளும் கோப்புகளும் பூட்டிய அறைகளில் இருக்க, ஊழியர்கள் வீடுகளில் இருந்தனர். முறைப்படி செய்தவர்கள் முதலில் விபிஎன் என்னும் மறையாக்கப் பாதையை அமைத்து, அதன் வழியாக உள்ளே வந்தவருக்கு மட்டும் ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்தனர். கடவுச்சொல்லோடு கைபேசிக்கு வரும் குறியெண்ணையும் கேட்டனர். மற்றவர்கள் 3389ஐ இணையத்துக்கு நேரே திறந்துவிட்டனர். பணயத் தொகை கேட்டுக் கோப்புகளைப் பூட்டும் கும்பல்கள் உள்ளே புகுந்த வழிகளில் முதன்மையானவற்றுள் இதுவும் ஒன்று.

விண்டோஸின் மேசைப் பதிப்புகளில் தொலைவிலிருந்து ஒருவர் உள்நுழைந்தவுடன், கணினியின் முன்னுள்ள திரை பூட்டிக்கொள்கிறது. நேரில் அமர்ந்திருப்பவர் தம் கடவுச்சொல்லை இட்டால் தொலைவிலிருப்பவர் வெளியேற்றப்படுகிறார். ஒரு நேரத்தில் ஒருவரே என்ற ரயில்வே நெறி இங்கே மென்பொருளாக நிற்கிறது. நேரில் உள்ளவரும் தொலைவில் உள்ளவரும் ஒரே திரையைப் பார்த்தவாறு பணியாற்ற விரும்பினால் அதற்கு வேறு வழி தேவை. ஜெர்மனியில் 2005இல் தோன்றிய டீம்வியூவரும் 2014இல் தோன்றிய எனிடெஸ்க்கும் அத்தகையவை. அவற்றில் ரவுட்டரைத் தொடவேண்டியதில்லை. இரு கணினிகளும் நிறுவனத்தின் இடைவழங்கியை நாடிச் சென்று, நேர்வழி கிடைக்காதபோது அதன் மூலமே தொடர்புகொள்கின்றன. பழைய தந்தி இடைநிலையத்தின் வேலை இதுவே. ஆனால் இங்கே இடையில் நிற்பது எழுத்தர் அல்ல, மறையாக்கப்பட்ட செய்தியைப் படிக்காமல் கடத்தும் பொறி. காணவேண்டியவரிடம், அம்மென்பொருள் தம் கணினிக்குத் தந்த எண்ணைத் தொலைபேசியில் சொல்லி, திரையில் வரும் ஏற்றுக்கொள் என்னும் பொத்தானை அழுத்த, மறுமுனை இயங்கத் தொடங்குகிறது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளை, ஊரிலிருக்கும் பெற்றோரின் கணினியைச் சரிசெய்து கொடுப்பதும் இப்படியே. வங்கி அலுவலர் என்றோ காவல்துறை என்றோ பேசி அந்த எண்ணைக் கேட்டு வாங்கும் மோசடிக்காரரும் இதே பொத்தானையே நம்பியிருக்கிறார். மறுமுனையில் மணி ஒலிப்பவரை அறியாமல் விசையை அழுத்தக்கூடாது என்பதை ஸ்டேஷன் மாஸ்டருக்குப் பயிற்சியிலேயே ஊட்டினர். வீட்டில் கணினி வைத்திருப்பவருக்கு அப்பயிற்சியை அளிப்பார் இல்லை. இத்தொழில்நுட்பத்தைப் பரப்பியவர்கள் செய்யத் தவறிய பெரும்பணி அது.

பிறை முனையத்தின் காலம் 1967இல் முடிந்தது. பிறை ஆற்றின்மேல் திறந்து மூடும் பாலம் கட்டப்பட்டு, இரயில் பாகான் டாலாமை ஒட்டிய பட்டர்வொர்த் நிலையத்தை வந்தடைந்தது. 2015இல் மின்மயமான இரட்டைத் தடத்தில் விரைவு மின்ரயில்கள் அங்கே வரத் தொடங்கின. போகவும் வரவும் தனித்தனித் தடம் இருக்கும்போது டோக்கனுக்கு வேலையில்லை; தடத்தின் நிலையும் கைகாட்டிகளும் கட்டுப்பாட்டு அறையின் திரைகளுக்கு மாறிவிட்டன. வளையத்தோடு மேடையில் நின்ற பணியாளரின் இடத்தை, பார்வைக்கு எட்டாத அறையில் திரைமுன் அமர்ந்தவர் எடுத்துக்கொண்டார்.

கடலடிப் பாதையும் புதுப்பிக்கப்பட்டது. ஐரோப்பாவையும் ஆசியாவையும் இணைக்கும் ஃபிளாக் ஒளியிழை 1997இலும், கொச்சியையும் தென்னாப்பிரிக்காவையும் தொட்டுவரும் சேஃப் 2002இலும் பினாங்கில் கரையேறின. 2016இல் பயன்பாட்டுக்கு வந்த பே ஆஃப் பெங்கால் கேட்வே என்னும் கம்பி ஓமனில் தொடங்கி, மும்பை, இலங்கை, சென்னை வழியாகப் பினாங்கில் முடிகிறது. 1870இல் இணைந்த அதே இரு கரைகள் அதில் மீண்டும் இணைந்துள்ளன. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீட்டர் செல்வதால், 2,600 கிலோமீட்டரைக் கடக்க விநாடியின் ஆயிரத்தில் பதின்மூன்று பங்கே ஆகும், போய்வர இருபத்தாறு. ரவுட்டர்களும் நாட்டுக்குள்ளான சுற்றுவழிகளும் அதனை இரட்டிப்பாக்கினாலும், விசையை அழுத்திய கைக்குத் தாமதம் உறைக்கும் அளவை அது எட்டுவதில்லை. பட்டர்வொர்த்தில் ஒரு கணக்கர் அலுவலகம் சென்னையிலுள்ள கணினியில் பேரேட்டைத் திறந்து பதிவிடுவதற்குத் தொலைவு இன்று தடையல்ல. தடையாக இருக்கவேண்டியது அனுமதியின் பூட்டு ஒன்றே. அது இரு முனையிலும் இருக்கவேண்டும்.